வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி: ஒழிக்கும் முறை

வாசல்படி தாண்டாத பூனைக்கு எப்படி வந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னல் கம்பியோரம் வந்து உட்காரும் தெருப்பூனை, பரணில் ஓடும் எலி, முன்பு குடியிருந்தவர் வளர்த்த நாய் என்று எந்த வழியாகவும் வரலாம். இப்போது எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

உறுதி செய்வது

வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பூனையை நிறுத்தி, கழுத்திலும் வாலின் அடியிலும் சீவுங்கள். இதற்கென்று விலை கூடிய சீப்பு தேவையில்லை, உலோகப் பல் வைத்த பேன் சீப்பே நன்றாக வேலை செய்கிறது. துணியில் விழும் கறுப்புப் பொடியை ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் கழிவு, அதாவது பூனையின் ரத்தம்தான். கரையாவிட்டால் வெறும் மண். பூச்சியே கண்ணில் படவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். பூனை நக்கியே பாதியை விழுங்கிவிடும்.

பலர் இதையும் உண்ணி என்றே சொல்கிறார்கள். உண்ணி தோலில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். தெள்ளு தட்டையாக இருக்கும், ரோமத்துக்குள் ஓடும், குதிக்கும். மருந்துக் கடையில் கேட்கும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பூனைக்கு மருந்து

என் ஓட்டு கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்குத்தான். ஃபிப்ரோனிலும் மெத்தோப்ரீனும் சேர்ந்தது கிடைத்தால் அதை வாங்குங்கள். முதலாவது வளர்ந்த பூச்சியைக் கொல்லும், இரண்டாவது முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும். மருத்துவர் செலாமெக்டின் எழுதிக் கொடுத்தாலும் நல்லதே. பவுடர், கழுத்துப்பட்டை, ஷாம்பு இவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. குளிப்பாட்டினால் அன்றைக்கு இருக்கும் பூச்சி போகும், நாளைக்கு வேறு ஏறும்.

பூனை நாக்கு எட்டாத இடத்தில், தலைக்குக் கீழே பிடரியில், ரோமத்தை இரண்டு பக்கமும் விலக்கித் தோல் தெரிந்த பிறகு சொட்டை விடுங்கள். ரோமத்தின் மேலேயே நின்றுவிட்டால் பலன் குறையும். முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டக் கூடாது.

இதைத் தடித்த எழுத்தில் படியுங்கள்: நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், உயிரும் போகும். "கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாய்களை உண்ணிக்குக் குளிப்பாட்டும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. கற்பூரம், டீ ட்ரீ எண்ணெய் போன்ற 'இயற்கை' வைத்தியங்களும் பூனைக்கு விஷமே.

வீட்டில் இருக்கும் எல்லாப் பூனைகளுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். நாய் இருந்தால் நாய்க்கும் அன்றே, நாய்க்கு உரிய மருந்து.

வீடு

பூனைமேல் தெரியும் பூச்சிகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மற்றவை முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கின்றன. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும். முட்டை ரோமத்தில் ஒட்டாது, பூனை படுக்கும் இடமெல்லாம் உதிரும். புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது, இடுக்கு தேடி ஓடும்.

அதனால் நடுக்கூடத்தை மினுக்குவதில் பயனில்லை. பீரோ அடி, சுவரோரம், சோபா மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள சந்து, கோரைப்பாய், கால்மிதி, இவைதான் இலக்கு. வேக்யூம் கிளீனர் இருந்தால் தினமும் ஓட்டி, சேர்ந்த குப்பையை உடனே பையில் கட்டி வெளியே போடுங்கள். இல்லையென்றால் மெதுவாகப் பெருக்கி, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். வேகமாகப் பெருக்கினால் முட்டைகள்தான் சிதறும். பூனை படுக்கும் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப் போடுங்கள். உலர்ந்த சூட்டைப் புழு தாங்காது. நம் ஊர் வெயிலால் கிடைக்கும் இலவச உதவி இது.

மருந்து போட்டும் ஏன் வருகிறது?

எல்லோரும் தடுமாறும் இடம் இது. மருந்து போட்ட சில நாளில் பூச்சி குறையும். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திடீரென்று மறுபடி தெரியும். உடனே மருந்து போலி என்று தோன்றும், வேறு மருந்தை மேலே போடக் கை பரபரக்கும். போடாதீர்கள்.

கூட்டுப்புழு பட்டுநூல் கூட்டுக்குள் இருக்கிறது. கூட்டின் மேல் தூசி ஒட்டி அடையாளமே தெரியாது, மருந்தும் உள்ளே போகாது. உள்ளே முழுதாக வளர்ந்த பூச்சி, அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் உணரும்வரை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பிப் பூட்டைத் திறந்ததும் கணுக்காலில் கடி வாங்குவது இதனால்தான். தினமும் வேக்யூம் ஓட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த அதிர்வில் கூடு உடைத்து வெளியே வரும்.

வந்தது எங்கே போகும்? பூனைமேல் ஏறும். பூனைமேல் மருந்து இருந்தால் முட்டையிட வழியில்லாமல் சாகும். எனவே பூனையை அறையில் அடைத்து வைக்காதீர்கள், வழக்கம்போல வீடெங்கும் நடமாடட்டும். மருந்தை மாதம் ஒரு முறை, குறைந்தது 3 மாதம் விடாமல் தொடருங்கள். பூச்சி கண்ணில் படவில்லை என்று இரண்டாம் மாதம் நிறுத்தினால், மூன்றாம் மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பின்சேர்க்கை

குட்டிகளுக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 8 வாரத்துக்குக் குறைவான குட்டிக்கு இந்தச் சொட்டு வேண்டாம். சீப்பால் சீவி, விழும் பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஈறு வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் அதன் மேல் படவே கூடாது, முயலுக்கு அது விஷம்.

அப்புறம், பூனையின் ஆசனவாயோரம் அரிசி மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் அது வருகிறது. மருத்துவரிடம் காட்டி பிராசிகுவான்டல் வாங்கிக் கொடுங்கள். பூச்சியை ஒழிக்காமல் அதை மட்டும் கொடுத்தால் நாடாப்புழு திரும்ப வரும்.