ஆள் போகாத ஆற்றில் கயாக் இறக்கும் முன்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எனக்கு லோரி பட்டறை. பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். ஞாயிற்றுக்கிழமையானால் மச்சானும் நானும் பட்டறைப் பையன் ஒருவனும் கயாக்கை, அதாவது துடுப்புப் போடும் சின்னப் படகை, வேன்மேல் கட்டிக்கொண்டு தித்திவங்சா மலைப்பக்கம் கிளம்பிவிடுவோம். இப்போது இளவட்டங்கள் சிலர், பிளஸ் ஆற்றில் வந்து சேரும் கிளையாறுகளில் யாரும் கயாக் இறக்காத ஒன்றில் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம். மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள்.

முதல் வேலை வரைபடம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக் கோடுகளை ஆறு எங்கெங்கே வெட்டுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். கோட்டுக்குக் கோடு உயரம் 20 மீட்டர் மாறும் என்றால், ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்து கோடு வந்தால் 100 மீட்டர் இறக்கம். இந்தக் கணக்கை அப்படியே நம்பவும் கூடாது. படிப்படியாக இறங்கும் 100 மீட்டர் வேறு, பாதி ஒரே லாத்தாவாக, அதாவது அருவியாக, விழுந்து மிச்சம் குளமாகக் கிடப்பது வேறு. இரு கரையும் சுவர்போல நெருங்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள். உள்ளே போனால் ஏறி வர வழி இருக்காது.

அப்புறம் ஒராங் அஸ்லி எனும் பூர்வகுடிகளின் கிராமத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். ஆள் போகாத ஆறு என்பது நம் பேச்சுதான். அவர்களில் ஒரு பிரிவான தெமியார் மக்கள் தலைமுறையாக அங்கே மீன் பிடிக்கிறார்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை பெர்மிட்டும் எடுக்க வேண்டும்.

ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டி மத்தியானத்துக்குமேல் இடியோடு கொட்டும். நம் தலையில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை கெப்பாலா ஆயராக, அதாவது திடீர் வெள்ளமாக, வந்து இறங்கும். நின்ற இடத்திலெல்லாம் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நடுவேன். குச்சி நனைகிறதா, தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறுகிறதா, சருகும் மூங்கில் துண்டும் மிதந்து வருகிறதா? ஏதாவது ஒன்று தெரிந்தாலும் போதும், கயாக்கை விட்டுவிட்டாவது மேட்டில் ஏறுங்கள்.

ஆற்றில் ஒரே சட்டம்: அடுத்து ஒதுங்கப் போகும் இடம் கண்ணில் பட்டால்தான் இந்த இடத்தை விட்டு நகர வேண்டும். பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி, ஆறு வந்த திசைக்கே சுற்றும். அங்கே கயாக் நிற்கும். முன்னால் ஆறு சட்டென்று கோடுபோல வெட்டுப்பட்டுத் தெரிந்தால் கீழே விழுகிறது என்று அர்த்தம். இறங்கி நடந்து பாருங்கள்.

ஒரு தடவை முதுகு வலிக்கிறதென்று ஒரு வளைவில் நான் இறங்கிப் பார்க்கவில்லை. குறுக்கே மூங்கில் புதர் சாய்ந்து கிடந்தது. தேயிலை வடிகட்டி மாதிரி அது: தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. கயாக் அடியில் சொருகிக்கொண்டது. நான் தாவி மூங்கில்மேல் ஏறியதால் முழங்கை கிழிந்ததோடு போயிற்று. நீந்தும்போது இப்படி ஒன்றில் மோதப் போகிறீர்கள், விலக வழியில்லை என்றால், தலையை முன்னால் வைத்து வேகமாக நீந்தி மரத்தின்மேல் ஏறிவிட வேண்டும். மற்ற நேரத்தில் மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதப்பதுதான் சரி. ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது; பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் ஆளை முன்னால் தள்ளி அமுக்கிவிடும்.

மீட்புக் கயிறு மிதக்கும் ரகமாக, 20 மீட்டராவது இருக்கட்டும். பட்டறை நைலான் கயிறு மூழ்கிப் பாறையில் சிக்கும், அது வேண்டாம். "கயிறு!" என்று கத்தி, ஆள் திரும்பிப் பார்த்ததும், அவர் நெஞ்சுக்குக் குறுக்கே விழும்படி வீசுங்கள். பிடித்தவர் கயிற்றைத் தோள்மேல் போட்டு மல்லாந்துகொள்ள வேண்டும். இரண்டு பேருமே கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் வா, படுக்கையாகப் பிடித்தால் நில். மூன்று விசில் ஆபத்து.

சந்தேகம் வந்தால் தூக்கிக்கொண்டு நடங்கள். மூன்று கிலோமீட்டருக்கு எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆனது, அதில் பாதி அட்டைக் கடியோடு கரையில் நடந்ததுதான்.

உள்ளே போனில் லைன் கிடைக்காது. எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், எத்தனை மணிக்குமேல் 999 அவசர எண்ணுக்கு அடிக்க வேண்டும் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். நான் ஏழு என்று எழுதினேன். என் மனைவி அதை அடித்துவிட்டு ஆறு என்று போட்டிருந்தாள்.