பிசிஓஎஸ் இருக்கிறதா? தராசை விட்டுத் தையல் டேப்பை எடுங்கள்

பிசிஓஎஸ் என்பது ஆண் ஹோர்மோன் கூடி, முட்டை வெளிவருவது தடைப்பட்டு, மாதவிடாய் பிசகும் ஒரு கோளாறு. மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று கிளினிக்குக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "நிறையைக் குறையுங்கோ பிள்ளை." எனக்கும் அதுதான். தராசில் ஏறி இறங்கி அலுத்த பிறகுதான், பார்க்கவேண்டிய எண் வேறு என்று விளங்கியது: வயிற்றுச் சுற்றளவு.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினை ஒழுங்காக வேலைசெய்ய விடாது. உடம்பு ஈடுகட்ட இன்னும் கூடச் சுரக்கும். அந்த இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோர்மோனைக் கூட்ட, முட்டை வெளிவருவது தடைப்படும். மெலிந்த பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். அவர்களிடம் தராசு ஒன்றும் சொல்லாது.

சரி, அளப்போம். காலையில், சாப்பிடமுன். நைட்டிக்கு மேலால் வேண்டாம். கடைசி விலா எலும்பைத் தடவிப் பிடியுங்கள். அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். டேப் அங்கேதான் சுற்றவேண்டும். பாவாடை நாடா இறுக்கிய தழும்பில் அளப்பதுதான் நம் வழக்கம், அது பெரும்பாலும் கீழே இறங்கிப்போன இடம். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். டேப் முதுகுப் பக்கம் சரிந்துவிடும். முதல் தடவை எனக்கு அதிலேயே 3 சென்ரிமீற்றர் பிசகியது. மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு வாசியுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான்.

தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ கவனம் வேண்டும்.

அடுத்தது சாப்பாட்டுக் கோப்பை. இரவில் ஒரு நீத்துப்பெட்டி புட்டு முழுவதும் உங்களுக்கே என்றால், நாளை முதல் பாதி. மிச்ச இடத்தில் முருங்கையிலை வறை, மீன் குழம்பு, இல்லாவிட்டால் அவித்த பயறு. கோதம்பமாவுக்குப் பதில் குரக்கன் புட்டு நல்லது, ஆனால் குரக்கன் என்பதற்காக இரட்டிப்பாகச் சாப்பிடக்கூடாது. பிளேன்ரீக்குச் சீனியை மெல்ல மெல்லக் குறையுங்கள்.

கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பு அசையவேண்டும். சைக்கிள் வீட்டிலேயே நிற்கிறது. நாளுக்கு அரை மணித்தியாலம், ஐந்து நாள் மிதித்தால் கணக்குச் சரி. நல்லூர்த் திருவிழா நேரம் வீதி சுற்றுவதையும் சேர்க்கலாம், அங்கே சாப்பிட்ட ஐஸ்கிரீமைக் கணக்கில் மறைக்காவிட்டால்.

நிறை கூடியவர்களுக்கு 5 வீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கும். 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ, அவ்வளவுதான். எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது) உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்கு எடுக்கவேண்டாம். அது வேறு நோய், மெலிந்தவர்களிடமும் நிறையக் காணலாம்.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள்: திகதி, சுற்றளவு, மாதவிடாய் வந்த நாள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். கர்ப்பம் இல்லாமலே மூன்று மாதம் வராவிட்டால் காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்; கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகலாம். போகும்போது கொப்பியையும் கொண்டுபோங்கள். "கடைசியாக எப்ப வந்தது?" என்று கேட்டால் கலண்டரைத் தேடி விழிக்கவேண்டியதில்லை.