ஆடாதோடைக் கஷாயம்: வேலியிலிருந்து வடிகட்டி வரை, புதியவர்களுக்கான செய்முறை

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வேலியோரம் பார்த்தால் ஆடாதோடை நிற்கும். சளி, இருமல் என்றால் நாலு இலையைப் பறித்துக் கொதிக்கவைத்துக் குடிப்பது ஊர் வழக்கம். ஆனால் "நாலு இலை" என்பது அளவே இல்லை. ஒரு வீட்டில் அது 5 கிராம், இன்னொரு வீட்டில் 25 கிராம். ஒரே செடி ஒருவருக்குக் கேட்பதும் இன்னொருவருக்குக் கேட்காமல் போவதும் இந்த அளவுக் குழப்பத்தாலும் இருக்கலாம். எடை போட்டு, அளந்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கஷாயம் இறக்குவது எப்படி என்று பார்ப்போம்.

தேவையானவை

எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, மில்லி குறியிட்ட அளவுக் குவளை, வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு ஈர்க்குச்சி. இரும்புச் சட்டி வேண்டாம். இலையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கஷாயம் மை போலக் கறுக்கும். பழைய காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதியியல்தான். அலுமினியமும் வேண்டாம்.

1. செடி அதுதானா?

இதில் தவறினால் மீதி எல்லாம் வீண். ஆடாதோடையின் தாவரப் பெயர் ஜஸ்டிசியா ஆடதோடா. இலைகள் எதிரெதிராக, ஈட்டி வடிவில், பெரும்பாலும் 10 முதல் 20 செ.மீ. நீளம் இருக்கும். கசக்கினால் ஒரு மட்கிய வாடை. நுனி நாக்கில் வைத்தால் கடுங்கசப்பு. பூ வெள்ளை, கீழ் உதட்டில் ஊதா வரிகள் ஓடும்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. கேரள வைத்தியர்கள் "ஆடலோடகம்" என்று எழுதித் தரும்போது பெரும்பாலும் சிற்றாடலோடகத்தைச் சொல்கிறார்கள். அது ஜஸ்டிசியா பெட்டோமி என்ற வேறு இனம், இலை சிறியது. பாறசாலை வைத்தியர் தந்த சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டு வேலியில் இருக்கும் பெரிய இலையைப் பறித்தால் அளவு பொருந்தாது. எந்த வகை என்று எழுதியவரிடமே கேளுங்கள்.

கடையில் வாங்கினால் இன்னும் கவனம். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் அரிஸ்டோலோக்கியா குடும்பம். அவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவழைக்கும். பேச்சுவாக்கில் பெயரைச் சொல்லிப் பொடியாக வாங்கினால் எதைக் கட்டித் தந்தார்கள் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முழு இலையாக வாங்குங்கள். பொடி வேண்டவே வேண்டாம்.

2. பறிக்கும் இடம்

நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். மண்ணிலும் தூசியிலும் ஈயம் தங்கியிருக்கும். மூலிகை மருந்துகளில் ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), காட்மியம் 0.3 பிபிஎம் தாண்டக் கூடாது என்பது விதி. வீட்டில் அதைச் சோதிக்க வழியில்லை, இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் ஒரே பாதுகாப்பு. ரப்பர் தோட்ட வேலியும் ஆகாது. மழைக்கு முன் இலையுதிர்வு நோய்க்காகத் தாமிர மருந்து தெளிப்பார்கள், காற்றில் அது வேலி வரை வரும்.

முற்றிய, பழுக்காத, பூச்சி அரிக்காத இலைகளைப் பறியுங்கள். காம்பை விட்டுவிடலாம்.

3. காயவைத்தல்

பலருக்கும் கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். ஆடாதோடையின் முக்கிய ஆல்கலாய்டு (செடியில் உண்டாகும் வீரியமுள்ள நைட்ரஜன் சேர்மம்) வாசிசின். காற்றுப்பட்டு அது மெல்ல வாசிசினோன் என்ற இன்னொரு பொருளாக மாறும். வெயிலும் நாள்கணக்கில் இழுத்தடித்துக் காயவைப்பதும் இந்த மாற்றத்தைக் கூட்டும். அதனால் நிழலில், காற்றோட்டத்தில், ஆனால் சீக்கிரம் காயவேண்டும்.

ஓடும் தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்து, வலைத்தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். வறண்ட நாட்களில் நிழலிலேயே காய்ந்துவிடும். சாரல் காலத்தில் அது நடக்காது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை காற்றே ஈரம். இலை மேலே காய்ந்ததுபோல் இருக்கும், நடு நரம்பு வளையும். அப்படியே டப்பாவில் போட்டால் சில நாளில் சாம்பல் நிறப் பூஞ்சை. அந்த மாதங்களில் மின்விசிறிக் காற்றோ, 45 டிகிரிக்கு மேல் போகாத உலர்த்தியோ தேவை.

காய்ந்ததா என்று பார்க்க நடு நரம்பை மடக்குங்கள். "டக்" என்று ஒடிந்தால் சரி, வளைந்தால் இன்னும் ஈரம். 1 கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கிராம் காய்ந்த இலை கிடைக்கும். 350 கிராம் நின்றால் நீங்கள் தண்ணீரைத்தான் எடை போடுகிறீர்கள். பூஞ்சை கண்டால் அந்தத் தட்டு முழுவதையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சை நச்சு கொதித்தாலும் போகாது.

4. இடித்தல்

ரவை பதம் போதும். மாவாக அரைத்தால் துணி அடைத்துக்கொள்ளும், கஷாயம் கலங்கும். முழு இலையாகப் போட்டால் தண்ணீர் எளிதில் உள்ளே புகாது.

5. காய்ச்சுதல்

ரவை பதத்தில் இடித்த இலைப்பொடி 30 கிராம், தண்ணீர் 480 மில்லி. ஒன்றுக்குப் பதினாறு, நாலில் ஒன்றாக வற்றவைப்பது வழக்கமான கணக்கு. எட்டில் ஒன்றாக வற்றவைக்கச் சொல்லும் முறையும் உண்டு. எதைப் பின்பற்றினாலும் அதையே பின்பற்றுங்கள்.

வற்றியது எவ்வளவு என்று கண்மதிப்பில் சொல்ல முடியாது. வெறும் பாத்திரத்தில் 120 மில்லி தண்ணீர் ஊற்றி, ஈர்க்குச்சியை நிமிர்த்தி நிறுத்தி, நீர்மட்டத்தில் நகத்தால் கீறுங்கள். 240 மில்லிக்கு இன்னொரு கீறல். இனி அதுதான் உங்கள் அளவுகோல்.

பொடியை அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு, மூடாமல், சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். 240 கீறலுக்கு வந்ததும் இறக்கி வடிகட்டி, சக்கையைப் பிழிந்துவிட்டு, தெளிந்த நீரை மட்டும் மறுபடி அடுப்பில் வைத்து 120க்குக் கொண்டுவாருங்கள். சக்கையோடு கடைசிவரை வற்றவைத்தால் அடிப்பிடிக்கும்; தீய்ந்த வாசம் வந்த கஷாயத்தைக் காப்பாற்ற முடியாது.

மூடாமல் காய்ச்சுவது ஆடாதோடைக்குப் பொருந்தும், ஏனென்றால் வாசிசின் ஆவியாகிப் போகும் சரக்கு இல்லை. துளசிக்கு இதைச் செய்தால் அதன் மணப்பொருளான யூஜினால் ஆவியோடு போய்விடும், வீடுதான் மணக்கும். துளசியைக் கொதிநீரில் போட்டு மூடிவைக்க வேண்டும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினோ தண்ணீரில் கரைவதே அரிது. எவ்வளவு காய்ச்சினாலும் நிறம்தான் மிஞ்சும். எந்தச் செடிக்கு எந்தக் கரைப்பான் என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கொதிக்கவைப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

சாராயத்தில் ஊறவைத்தால் சத்து கூடுதலாக இறங்குமே என்று கேட்பவர்கள் உண்டு. இறங்கும். ஆனால் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் உள்ளே போகக் கூடாதவை. மெத்தனால் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும்.

6. எவ்வளவு இறங்கியது?

சிறு எவர்சில்வர் தட்டை எடை போடுங்கள். 38.42 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மில்லி கஷாயத்தை ஊற்றி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து முழுக்க உலர்த்தி, ஆறியதும் உடனே எடை போடுங்கள் (வைத்திருந்தால் ஈரம் இழுக்கும்). 39.02 வந்தால் 10 மில்லியில் கரைந்திருந்த பொருள் 0.60 கிராம். 120 மில்லிக்கு 7.2 கிராம், 30 கிராம் இலையில் 24 சதவீதம்.

இது வாசிசினின் அளவு அல்ல. சர்க்கரை, உப்பு, டானின் எல்லாம் சேர்ந்த கணக்கு. ஆல்கலாய்டு அதில் சிறு பங்குதான். ஆனால் போன முறை 24, இந்த முறை 13 என்றால் இலையிலோ காய்ச்சிய முறையிலோ ஏதோ மாறிவிட்டது என்று தெரிந்துவிடும்.

பள்ளி ஆய்வகம் கைவசம் இருந்தால் வாக்னர் கரைசல் சோதனையும் செய்யலாம்: 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 1.27 கிராம் அயோடின். சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த கஷாயத்தில் இதை விட்டால் செம்பழுப்புப் படிவு வரும். ஆல்கலாய்டு இருக்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. சோதித்த கஷாயத்தைக் கொட்டிவிடுங்கள்.

7. வைத்திருத்தல்

அன்றைக்கு அன்றைக்கு. மிஞ்சினால் ஃபிரிட்ஜில் 24 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். கடைக் கஷாயத்தில் பதனப்பொருள் இருக்கும், இதில் இல்லை. இன்னொன்று: கேரளக் கம்பெனிக் கஷாயங்கள் செறிவானவை, 15 மில்லிக்கு 45 மில்லி வெந்நீர் கலந்து குடிக்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கை வீட்டுக் கஷாயத்துக்கும், வீட்டுக் கணக்கை அந்தப் பாட்டிலுக்கும் மாற்றிப் போடாதீர்கள்.

வேலை செய்யுமா? யாருக்கு ஆகாது?

வாசிசினின் வடிவத்தை அடியொற்றி உருவானதுதான் ப்ரோம்ஹெக்சின். அது உடலில் மாறி உண்டாவது ஆம்ப்ராக்சால். இரண்டும் சளியை இளக்கும் மருந்துகளாகக் கடையில் இருக்கின்றன. அதனால் செடிக்குப் பின்னால் உண்மையான வேதியியல் இருக்கிறது. அதற்காகக் கஷாயம் அந்த மாத்திரைக்குச் சமம் என்று ஆகிவிடாது. மாத்திரையில் மில்லிகிராம் தெரியும், கஷாயத்தில் தெரியாது.

கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். பால் கொடுப்பவர்கள், குழந்தைகள், தினசரி மாத்திரை எடுப்பவர்கள் பதிவுபெற்ற சித்த மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். எத்தனை மில்லி, எத்தனை நாள் என்பதையும் அவரே சொல்லட்டும். ஆம்ப்ராக்சால் சிரப் குடிப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். கசப்புக்காகச் சேர்க்கும் பனங்கற்கண்டு சர்க்கரை நோயாளியின் கணக்கில் வரும். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது.

கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன குடித்தீர்கள் என்று சொல்லுங்கள், மீதி இலையையும் எடுத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், மூச்சுத் திணறல், இதில் எது இருந்தாலும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம்.