பழைய காருக்கு வீட்டிலேயே ரேடியேட்டர் மாற்றுதல்

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் புதுப்பித்து ஓட்டப்படும் கார்களில் அடிக்கடி தொல்லை தரும் பாகங்களுள், என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரும் ஒன்று. அதன் அலுமினிய நடுப்பகுதி தாக்குப்பிடித்தாலும், அதனுடன் இணைந்த பிளாஸ்டிக் தொட்டிகள் ஆண்டுக்கணக்கில் சூடேறியும் ஆறியும் வலுவிழந்துவிடுகின்றன. மேல் ஹோஸ் (ரப்பர்க் குழாய்) பொருந்தும் கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் பழுப்பேறி, மயிரிழைக் கீறலும் உள்ளே ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் காய்ந்த வெளிர்ப் பொடியும் தென்பட்டால், கசிவை அடைக்கும் திரவங்களை ஊற்றிக் காலம் கடத்தாமல் ரேடியேட்டரையே மாற்றிவிடுவது நல்லது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடங்களில் வாகனத்தைப் பழுதுபார்க்க அனுமதியில்லை என்பதால், தரைவீட்டின் முன்வாசலில்தான் இவ்வேலையைச் செய்ய முடியும். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் மச்சானுடைய வாசலை ஒரு சனிக்கிழமைக்கு இரவல் கேட்கலாம். பதிலுக்குப் பிரியாணியாவது வாங்கித்தர வேண்டியிருக்கும். பெரும்பாலான வாசல்கள் சாலையை நோக்கிச் சரிந்திருக்கும். எனவே காரின் முன்பக்கம் வீட்டைப் பார்த்து, சற்று உயர்ந்து இருக்குமாறு நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். இதன் பயன் கடைசியில்தான் தெரியும்.

உதிரிபாகம் வாங்கும்போது காரின் சேசிஸ் எண்ணைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரே மாதிரிக் காராயினும், தானியங்கி கியர் உள்ளதன் ரேடியேட்டரில் கியர் எண்ணெயைக் குளிரூட்டும் இரண்டு குழாய் முனைகள் கூடுதலாக இருக்கலாம். மேல், கீழ் ஹோஸ்கள், கிளாம்புகள், மூடி ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம். பழைய மூடியில் அச்சிட்டிருக்கும் 0.9 அல்லது 1.1 போன்ற அழுத்த அளவே புதியதிலும் இருக்க வேண்டும். கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்கக் கூடாது. பச்சையும் சிவப்பும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதால், கையேடு குறிப்பிடும் வகையையே கேட்டு வாங்குங்கள்.

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும். என்ஜின் நின்றிருந்தாலும் சில கார்களில் மின்விசிறி தானாகவே சுழலக்கூடும் என்பதால், பேட்டரியின் எதிர்மின் முனையைக் (−) கழற்றிவிடுங்கள். அகலமான தட்டை அடியில் வைத்து, கீழே உள்ள வடிதிருகைத் திறந்து கூலன்ட்டை வடியவிடவும். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்கே செல்வதால், ஒரு சொட்டுக்கூட வாசல் வடிகாலில் இறங்கக் கூடாது. கூலன்ட்டில் உள்ள எத்திலின் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. பூனையும் நாயும் நக்கிவிடாதபடி உடனே கலனில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறை ஒன்றில் கேட்டு ஒப்படைக்கலாம்.

பிறகு விசிறியின் மின்இணைப்பைப் பிரித்து, அதன் சட்டத்தைக் கழற்றித் தூக்கிவிட்டால் கை நுழைய இடம் கிடைக்கும். ஒட்டிக்கொண்ட ஹோஸை இழுக்காமல் சுழற்றிப் பாருங்கள். வரவில்லையென்றால், எப்படியும் மாற்றப் போகிறோம் என்பதால் நீளவாக்கில் கத்தியால் கீறிவிடலாம். கியர் எண்ணெய்க் குழாய்களைக் கழற்றியவுடன் முனைகளை அடைத்து, சிந்திய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணெய் பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால், கூலன்ட் உள்ளே கசிந்திருக்கிறது. அப்போது வேலையை அங்கேயே நிறுத்தி, கியர்பெட்டியைப் பட்டறையில் காட்டுவதே முறை. முன்னால் இருக்கும் ஏர்கான் கண்டன்சரின் குழாய்களைத் தொட வேண்டாம்; அவற்றினுள் அழுத்தத்தில் வாயு இருக்கிறது.

புதிய ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் கட்டைவிரல் பட்டாலே வளையும் என்பதால், இருபுறமும் அட்டையை ஒட்டி இறக்குங்கள். அடிப்பக்க ரப்பர்த் தாங்கிகள் தமக்குரிய இடத்தில் சரியாக அமர்ந்த பிறகே மேல் போல்ட்டுகளை முறுக்க வேண்டும். அட்டைகளை எடுத்துவிட்டு, விசிறி, ஹோஸ்கள், குழாய்கள், வடிதிருகு, பேட்டரி எனக் கழற்றிய அனைத்தையும் பூட்டவும்.

முக்கியமான வேலை இனிதான், அவசரப்படுபவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். உள்ளே காற்று தங்கிவிட்டால் புதிய ரேடியேட்டர் இருந்தும் என்ஜின் கொதித்துவிடும். கூலன்ட்டை மெல்ல ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். வெப்பமூட்டி இருக்கும் காரானால் அதை உச்சத்தில் வைத்து, மூடியில்லாமலே என்ஜினை ஓடவிடவும். வாசலின் சரிவால் மூடியின் வாய் உயர்ந்திருப்பதால் காற்று அங்கே வந்து சேரும். என்ஜின் சூடேறியதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் கூலன்ட் மட்டம் சட்டென்று இறங்கும். அளவறிந்து நிரப்ப வேண்டும். விசிறி இருமுறை ஓடி நின்றபின் மூடியைப் பூட்டுங்கள். வெப்பமானி ஏறியும் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் என்ஜினை உடனே நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

கியர் எண்ணெயைக் கையேட்டு முறைப்படி சரிபார்த்து நிரப்பிய பின், சில நாள்களுக்குக் காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட்டின் துணைத்தொட்டியில் உள்ள மட்டத்தைக் கவனியுங்கள். மட்டம் நிலைபெறும்வரை உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி மலேசிய நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்ல வேண்டாம்.