கட்டற்ற மென்பொருள் பற்றாளர் வீட்டில் கன்சோல்: செய்யக்கூடியவை

யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளை வலியுறுத்திப் பேசுபவர் வீட்டு டிவிக்குக் கீழே, சோனியின் விளையாட்டுக் கன்சோலான பிளேஸ்டேஷன் ஒன்று இருப்பது, சைவர் வீட்டு ஃப்ரிட்ஜில் மீன் இருப்பதைப் போன்றது. பிள்ளைகளுக்காக வாங்கியது என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. நானும் அப்படிச் சொன்னவன்தான். கன்சோலைத் தூக்கி எறியாமலும், அதில் தவறேதும் இல்லை என்று பாவனை செய்யாமலும் இருக்க வழி உண்டு.

முதலில் எது உறுத்துகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். விளையாட்டின் மூல நிரல் மூடியிருப்பது கணினியிலும் உள்ள குறைதான். கன்சோலுக்கே உரிய குறை வேறு: தயாரிப்பாளர் கையொப்பமிடாத எந்த நிரலையும், அது நீங்களே எழுதியதாக இருந்தாலும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தப் பெட்டி இயக்க மறுக்கிறது. பிளேஸ்டேஷன் 4-இன் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத்திலிருந்து உருவானது. கட்டற்ற நிரல் உள்ளே இருந்தும், அதன் உரிமம் மூடிவைக்க இடம் தருவதால், அந்தச் சுதந்திரம் வாங்கியவர் கைக்கு வருவதில்லை.

இதற்கு விதிவிலக்காகத் தொடங்கியது பிளேஸ்டேஷன் 3. 2006-இல் வெளிவந்தபோது அதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள சோனியே வசதி தந்திருந்தது. அமெரிக்க விமானப் படையின் ஆய்வகம் ஏறத்தாழ 1,760 பெட்டிகளை இணைத்து ஒரு மீத்திறன் கணினியையே கட்டியது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த கன்சோல் மென்பொருளின் 3.21 பதிப்பு, லினக்ஸ் நிறுவும் வசதியை நீக்கியது. புதுப்பிக்க மறுத்தவர்களுக்கு லினக்ஸ் எஞ்சியது, இணையவழி ஆட்டம் போயிற்று.

ஆகவே, கன்சோலை இணையத்தோடு இணைக்கத்தான் வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தனியாக ஆடும் கதை விளையாட்டுகளே போதும் என்றால், வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்காமலே விடலாம். வட்டில் வரும் விளையாட்டுகளையே வாங்குங்கள். ஆடி முடித்ததும் நண்பருக்குக் கொடுக்கலாம், பழையதாக விற்கவும் செய்யலாம். ஆனால் அட்டையை நன்றாகப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். 2025-இல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கான சில விளையாட்டுக் கார்டுகளில் விளையாட்டே இருக்காது, பதிவிறக்குவதற்கான சாவி மட்டுமே இருக்கும். பிளேஸ்டேஷன் 5-க்குத் தனியாக விற்கப்படும் வட்டு இயக்கியும் ஒருமுறை இணையத்தில் பதிவான பிறகே வேலை செய்யும். கன்சோலின் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அதை வாடகையாகவே எண்ணிக்கொள்ளுங்கள்: தன் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் இணையக் கடைகளில் விற்பனையை நின்டெண்டோ 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

அடுத்து, கன்சோலோடு வந்த கண்ட்ரோலரைக் கணினிக்குக் கொண்டுவாருங்கள். பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கண்ட்ரோலருக்கான லினக்ஸ் டிரைவரைச் சோனியே எழுதிக் கொடுத்திருக்கிறது; லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.12 பதிப்பு முதல் அது உடன் வருகிறது. கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். தொடுபலகையின் ஓரத்து விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியதும், கணினியின் புளூடூத் பட்டியலில் கண்ட்ரோலரின் பெயர் வரும். பிறகு சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கட்டற்ற கார் பந்தய விளையாட்டைத் திறந்து, ஒரே திரையைப் பிரித்து இரண்டு மூன்று பேர் கார் ஓட்டலாம். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் உரிமம் எது என்று கேட்பதில்லை. யார் முதலில் வந்தது என்பதுதான் அவர்களுடைய சண்டை.

பழைய வணிக விளையாட்டுகளிலும் வழி இருக்கிறது. 1993-இல் வந்த டூம் என்ற சுடும் விளையாட்டின் மூல நிரல் 1997-இல் வெளியிடப்பட்டு, 1999-இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கு மாறியது. படங்களும் ஒலிகளும் மட்டும் இன்னமும் தனியுரிமையில் உள்ளன. அவற்றுக்கு மாற்றாகத் தன்னார்வலர்கள் ஃப்ரீடூம் என்ற தொகுப்பை உருவாக்கியிருக்கிறார்கள். விளையாட்டை இயக்கும் நிரலான எஞ்சினும் கட்டற்றது, படம், ஒலி போன்ற தரவும் கட்டற்றது என்ற இந்தச் சேர்க்கைதான் என் அளவுகோல்.

புதிதாக வாங்குபவர் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியை எண்ணிப் பார்க்கலாம். லினக்ஸின் ஒரு வகையான ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் உள்ள அதில், விரும்பினால் வேறு இயங்குதளத்தையும் நிறுவலாம். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் செயலியும் அதில் விற்கப்படும் பெரும்பாலான விளையாட்டுகளும் மூடியவையே. 2012-இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வரவிருந்தபோது, அந்த விளையாட்டுகள் நெறிக்கு மாறானவை என்று எழுதிய, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன்கூட, விண்டோஸில் இருப்பவரைக் குனு/லினக்ஸுக்கு (லினக்ஸை அவர் அழைக்கும் பெயர்) அவை அழைத்துவந்தால் அந்த அளவுக்கு நன்மை உண்டு என்று ஒப்புக்கொண்டார். எனக்கும் அதே எண்ணம்தான்.

கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் கன்சோலின் பூட்டை உடைப்பது கடைசி வழி. இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது; இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சொந்த நிரலை ஓட்டிப் பார்ப்பதற்காக உடைப்பது வேறு, திருட்டுப் பிரதியை ஆட உடைப்பது வேறு. முன்னதைச் செய்யத் துணிபவர், உத்தரவாதக் காலம் முடிந்த பழைய பெட்டியில் செய்துபார்ப்பது நல்லது. பாதியில் செயலிழந்தாலும் கைநட்டம் குறைவு.