ஒரே ரிம்தான், ஆனால் ஒரே டயர் இல்லை

புளியரை மலைப்பாதை ஏறி ஆரியங்காவு தாண்டி புனலூருக்கு சிமெண்ட் ஏற்றிப் போகிறேன், டிரெய்லர். போன மழைக்காலத்தில் ஹவுசிங்கின், அதாவது பின் அச்சின், இடது ஜோடியில் உள் டயர் மட்டும் திட்டுத் திட்டாகத் தேய்ந்தது. வெளி டயரைத் தொட்டால் கை சுட்டது.

அலைன்மென்ட் பார்த்தேன், காற்று பார்த்தேன். பணம்தான் போனது. செங்கோட்டையில் பஞ்சர் கடை அண்ணாச்சி டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு, "எழுத்தைப் படிங்க தம்பி" என்றார். உள்ளே 295/90R20, வெளியே நான் மாட்டிய ஸ்டெப்னி 10.00R20.

இரண்டும் 20 இஞ்ச் ரிம்தான். ஆனால் 295 மில்லிமீட்டர் அகலத்தில் 90 சதவீதம் பக்க உயரம். இரு பக்கமும் ரிம்மும் சேர்த்தால் விட்டம் சுமார் 1,039 மி.மீ. மற்றது ஏறக்குறைய 1,054. நூலைச் சுற்றி அளந்தோம்: சுற்றளவில் நாலரை சென்டிமீட்டருக்கும் மேல் வித்தியாசம். இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்ற வேண்டும், அதனால் கிலோமீட்டருக்குப் பதினாலு மீட்டர் இழுபடுகிறது. பெரியது பாரத்தைத் தாங்கிச் சூடாகும், சின்னது உரசித் தேயும்.

ஹவுசிங் முழுக்க ஒரே அளவு லக் டயர் (குறுக்குவாட்டில் பள்ளம் உள்ளது) போட்டேன். முன்னாடி ஸ்டியரிங்குக்கு ரிப் பட்டன் (நீளவாக்கில் பள்ளம் உள்ள டயர்), இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். அங்கே ரீட்ரெட் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) கிடையாது. வளைவில் முன் டயர் வெடித்தால் பிடிக்க முடியாது. 295/80R22.5 டியூப்லெஸ் ஆசையும் இருந்தது. ரிம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றதும் விட்டுவிட்டேன்.