பழைய ஜிப்சிக்கு லிஃப்டும் பெரிய டயரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜீப் மாதிரி நான்கு சக்கர இயக்கம் கொண்ட மாருதி ஜிப்சி 1985 கடைசியில் சந்தைக்கு வந்தது. 2019-இல் பொதுமக்களுக்கு விற்பது நின்றுபோனது. ஆனாலும் கைமாறுவது நிற்கவில்லை. ராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டிகள், எஸ்டேட்டில் ஓடிய வண்டிகள் என்று இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்கியவர் முதல் மாதமே செய்ய நினைக்கும் காரியம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் பக்கம் மாற்றம் செய்து வண்டியின் உடலைத் தூக்கி (இதைத்தான் லிஃப்ட் என்கிறோம்), பெரிய டயர் மாட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். செய்த வரிசை தப்பு. ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் போனது.

முதலில் லிஃப்ட் போட்டேன். டயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரும்பாலானவர்கள் தொடங்கும் இடமும் இதுதான்.

ஜிப்சி நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங்கில் நிற்கும் வண்டி. லிஃப்ட் போட்டால் சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். காட்டுப் பாதையில் நடுவில் கிடக்கும் கல்லில் முதலில் இடிப்பது அச்சில் உருண்டையாகத் தொங்கும் டிஃப்ரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி). மூன்று அங்குலம் லிஃப்ட் போட்டாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் கூடிய விட்டத்தில் பாதி. கணக்கு இப்படி: ஜிப்சி கிங்கின் (பின்னாளில் வந்த 1300 சிசி வடிவம்) 205/70 ஆர்15 டயர் ஏறக்குறைய 668 மி.மீ. விட்டம். பலரும் ஆசைப்படும் 235/75 ஆர்15 சுமார் 733 மி.மீ. வித்தியாசம் 65, டிஃப்ரன்ஷியலுக்குக் கிடைப்பது 32, 33 மி.மீ. லிஃப்டால் கிடைப்பது வேறு: பம்பரும் வயிற்றுப்பகுதியும் உயரும், பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் ஆட இடம் வரும். அதனால் முதலில் டயரை முடிவு செய்யுங்கள். அந்த டயர் உரசாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் தூக்குங்கள். என்னைக் கேட்டால், வாரக் கடைசியில் எஸ்டேட் சாலையும் ஆற்றுமணலும் போகிறவருக்கு 215/75 ஆர்15 போதும். அதற்குப் பெரும்பாலும் லிஃப்டே தேவைப்படாது.

தூக்கியே ஆக வேண்டும் என்றால், எப்படித் தூக்குகிறோம் என்பதில்தான் அடுத்த தவறுகள் எல்லாம் இருக்கின்றன. மலிவான வழி, லாரிப் பட்டை கட்டும் கடையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. உயரம் வரும். ஆனால் ஜிப்சியின் எடையே சுமார் ஆயிரம் கிலோதான். பாரம் சுமக்கும் கணக்கில் பட்டை போட்டால் ஸ்பிரிங் மடங்காது. பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், முதுகு வலிக்கும்.

இன்னொரு மலிவு வழி நீள ஷாக்கிள். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும், ஆடக்கூடிய இரும்புத் துண்டு அது. ஷாக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே நகர்கிறது. ஜிப்சியில் முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் முன்பக்கம் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங் முன்னால் தாழ்ந்து, அச்சு முன்பக்கமாகச் சுழலும். கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் இடவலமாகத் திரும்பும் கோடு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, குறையும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பது, கைவிட்டாலும் அது நேராகப் போக உதவுகிறது. அந்தச் சாய்வைக் குறைத்தால் தள்ளாடும். அதே கதைதான் இங்கேயும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் சரியான கோணத்தில் ஆப்பு வைத்து இதைத் திருத்தலாம். ஆனால் முன் ஷாஃப்ட் வந்து டிஃப்ரன்ஷியலில் சேரும் பினியன் மூக்கு அதனால் கீழே சாயும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகம் தூக்க வேண்டாம் என்பதற்கு இதுவே ஒரு காரணம்.

அச்சுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றி வைப்பதும் உண்டு. ஏறக்குறைய ஐந்து அங்குலம் ஒரே அடியில் கிடைக்கும். வெல்டிங், பினியன் கோணம், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் தண்டு எல்லாவற்றையும் ஒன்றாக யோசித்துச் செய்ய வேண்டிய வேலை அது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்பிரிங் பாம்பு மாதிரி நெளிவதைத் தடுக்கவும் வழி வைக்க வேண்டும். தெருமுனைப் பட்டறையில் ஒரு நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் வண்டியின் வயதைப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வருட வண்டியில் முன்சக்கரம் திரும்ப உதவும் கிங்பின் பேரிங், வீல் பேரிங், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் முனைகள், ஸ்பிரிங் முனையில் உள்ள ரப்பர் புஷ் எல்லாமே தேய்ந்திருக்கும். சின்ன டயரில் அந்தத் தேய்மானம் தெரியாது. பெரிய, கனமான டயர் ஏறியதும் 50, 60 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் இறங்கினால் போதும், முன்சக்கரங்கள் படபடவென்று ஆட ஆரம்பிக்கும், ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியாது. பலர் அதற்கு ஸ்டியரிங் ஆட்டத்தை உறிஞ்சும் டேம்பர் ஒன்றை மாட்டி அடக்கப் பார்க்கிறார்கள். நோய் உள்ளேயே இருக்கும். அதேபோல ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் சேஸிஸ் துருப்பிடித்திருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

என்னுடைய பெரிய தப்பு பிரேக் ஹோஸில் நடந்தது. லிஃப்ட் முடிந்து, தரையில் நின்ற வண்டியைப் பார்த்து எல்லாம் சரி என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, வேறு வேலைக்காக ஒரு மெக்கானிக் சேஸிஸுக்கு ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரம் தொங்கியதும், "சார், இங்க வாங்க, இதைத் தொட்டுப் பாருங்க" என்றார். ரப்பர் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. ஒரு பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கியிருந்தால் அறுந்திருக்கும். அளக்க வேண்டியது இப்படித்தான்: சேஸிஸைத் தூக்கி, அச்சு தன்னால் முடிந்தவரை தொங்கட்டும். அந்த நிலையில் பிரேக் ஹோஸ், அச்சின் மூச்சுக்குழாய், அச்சுக்கு விசை கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயின்ட் மூன்றையும் பாருங்கள். ஷாஃப்ட் நீண்டு ஸ்ப்ளைன் (ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும் பல்வரிசை) கொஞ்சம் மட்டுமே பிடித்திருந்தால் அதையும் நீட்ட வேண்டும்.

ஷாக் அப்சார்பரையும் இதே நேரத்தில் அளந்துவிடலாம். தொங்கும்போது பழைய ஷாக் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பக்கம்தான் மறந்துபோகும். நீளமான ஷாக் முழுதாக மூடினாலும் நீளமாகத்தான் இருக்கும். அச்சு மேலே வந்து, அதைத் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் முட்டும் முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிவிட்டால், ஷாக் உடையும் அல்லது அதன் பிராக்கெட் பிய்யும். பம்ப் ஸ்டாப்பை அதற்கேற்பக் கீழே இறக்குங்கள்.

யாரும் சொல்லித்தராத ஒன்று: ஷாக்கிள் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் இருக்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. லேசாக மாட்டி, சக்கரங்களில் வண்டியை இறக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, அப்புறம் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழியும். ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புதியதையும் முதல் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் அமர்ந்து நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

டயர் உரசுகிறதா என்று சமதரையில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒரு முன்சக்கரத்தைக் கட்டை அடுக்கின் மேல் ஏற்றி, இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். உரசலைத் தவிர்க்க ஸ்பேசர் (சக்கரத்துக்கு உள்பக்கம் வைக்கும் வளையம்) போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால், அதனால் வரும் கூடுதல் பாரத்தை வீல் பேரிங்தான் சுமக்கும்.

ஜிப்சி கிங்கில் 235 போட்டவருக்கு மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 66-க்கு அருகில். பழைய 970 சிசி என்ஜின் உள்ள வண்டியில் டாப் கியர் மலையில் ஏறக்குறைய மறந்துபோகும். பிரேக்கும் முன்பு போலப் பிடிக்காது. ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். சின்ன ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

கடைசியாகக் காகித விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இதைப் பற்றியதாக இருக்கலாம். ஜிப்சி போன்ற பழைய வண்டிகளுக்கு 15 வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வுக்குப் போகும்போது உயர்ந்து நிற்கும் வண்டியைப் பார்க்காமல் விடமாட்டார்கள். பழைய நிலைக்கே திரும்ப வேண்டி வந்தால் கழற்றிய பட்டையும் ஷாக்கிளும் டயரும் தேவைப்படும். நான் அவற்றைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டேன். அப்புறம் அதே மாதிரி ஒரு செட்டைத் தேடி மூன்று ஊர் அலைந்து, புதிது விலைக்கு வாங்கினேன்.